பக்கிரிசாமியின் வலது கால்

மலாயாவில் கிள்ளான் டவுனில் இராமலிங்கத்தின் அரிசிக்கடைக்குப் பெயர் வந்தது அரிசியால் பாதி, கடை வாசலில் நின்ற காரால் பாதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் அந்த ஊரில் கார் வைத்திருந்த தமிழர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கார் என்றதும் பளபளவென்று ஏதோ நினைத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருஷத்துப் பழசு. கூரைத் துணியில் நாலு ஒட்டு. மழை வந்தால் வெளியே பெய்வதைவிட உள்ளே அதிகமாகப் பெய்யும். அதற்குக் ‘கெழவி’ என்று பெயர் வைத்தவன் டிரைவர் பக்கிரிசாமி. அவன் எவ்வளவு வேண்டுமானாலும் அதை வைவான். வேறு யாராவது ஒரு வார்த்தை குறை சொல்லட்டும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

பக்கிரிசாமிக்கு நாற்பத்தைந்து வயது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஏழு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. தோட்டத்துத் துரை ஒருவரிடம் இதே ஜாதி வண்டியில் ஓட்டப் பழகி ஐந்து வருஷம், பிறகு இராமலிங்கத்திடம் பத்து வருஷம். இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூடச் சக்கரம் பட்டதில்லை. இராமலிங்கம் அதைத் தன் சொந்தப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். “பக்கிரிகிட்ட கார குடுத்துட்டு நான் பின்னால குறட்ட விடலாம்லா” என்பார். விடவும் செய்வார்.

அந்த வருஷம் அவருடைய ஒரே மகள் சீதாலெட்சுமி கான்வென்ட் படிப்பை முடித்தாள். முடித்தவள் சும்மா இருந்தாளா? கோலாலம்பூரில் ஆசிரியைகளுக்கான கல்லூரியில் சேரப் போகிறேன், இரண்டு வருஷப் படிப்பு, முடித்துவிட்டு வாத்தியாரம்மா ஆவேன் என்று நின்றாள். அம்மா பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் மகன் சிரம்பானில் மாப்பிள்ளையாகத் தயாராக இருந்தான். பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார். ஆனால் வெறுமனே இறங்கவில்லை, ஒரு நிபந்தனையோடு இறங்கினார்.

“ரயில்ல கண்டவனும் ஏறுவான், அது ஆகாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல உன் பெரியம்மா வீட்ல ரெண்டு ரூம்புக்கு ஒம்போது பேரு, அங்க தங்குறதும் ஆகாது. தெனம் நம்ம கார்ல போகணும், நம்ம கார்ல வரணும். ஓட்டுறது பக்கிரியா இருக்கணும். வேற எவன் ஓட்டுற வண்டியிலயும் என் பொண்ண ஏத்த மாட்டேன். பக்கிரி இல்லன்னா படிப்பும் இல்ல.”

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். “ஏன் பக்கிரி, போக இருபது மைலு, வர இருபது மைலு. கெழவி தாங்குவாளா? இல்ல காலேஜு தொறக்கறதுக்குள்ள வேற எடுத்துடலாமா? நீ சொல்றதுதான்.”

நீ சொல்றதுதான்! மனுஷன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கெழவி தாங்கமாட்டாள் என்பது பக்கிரிசாமிக்குத் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அது அவனுடைய கால் சம்பந்தப்பட்டது.

கெழவி ஜாதி வண்டிக்குக் காலடியில் மூன்று மிதி. இடது மிதி வேகத்தைக் கூட்டிக் குறைக்க, நடு மிதி பின்னால் போக, வலது மிதி நிறுத்த. பெட்ரோல் விடுவது கையால், ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கம்பியில். புதுசாக வருகிற வண்டிகளுக்கும் மூன்று மிதிதான். ஆனால் எல்லாம் இடம் மாறிப் போயிற்று. அவற்றில் நிறுத்துவது நடு மிதி. வலது மிதியை அழுத்தினால் பெட்ரோல் பாயும், வண்டி சீறிக்கொண்டு ஓடும். பதினைந்து வருஷமாக ‘நில்’ என்று அழுத்திய காலுக்கு, அதே இடத்தில் ‘ஓடு’ என்று வைத்திருக்கிறான் எவனோ ஒரு புண்ணியவான்.

இதை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும்? புது வண்டிக்கு வேறு டிரைவர் வருவான். வேறு டிரைவர் என்றால் பாப்பாவுக்குப் படிப்பு இல்லை. கதவோரத்தில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். எட்டு வயதில் அவன் தோளில் உட்கார்ந்து கொடிமரம் பார்த்தவள்.

“தாங்கும் மொதலாளி” என்றான் பக்கிரிசாமி.

அந்தத் ‘தாங்கும்’ ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கல்லூரியில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இராமலிங்கம், சீதாலெட்சுமி, பக்கிரிசாமி மூவரும் விடியற்காலையில் புறப்பட்டார்கள். பத்து தீகா என்ற ஊரின் மேடு வரை கெழவி சமர்த்தாகத்தான் வந்தாள். மேட்டில் பாதி ஏறியதும் இருமினாள், நின்றாள். பெட்ரோல் குறைவாக இருந்தால் மேட்டில் அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும். பின்பக்கமாக ஏற்றினால்தான் பெட்ரோல் இறங்கும். பக்கிரிசாமி வண்டியைத் திருப்பி, நடு மிதியை அழுத்தி, பின்னோக்கியே மேட்டில் ஏற்றினான். எதிரே வந்த ரப்பர் லோரிக்காரர்கள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். இராமலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மேட்டு உச்சியில் தண்ணீர் கொதித்து ஆவி அடித்தது. ஆறும்வரை முக்கால் மணி நேரம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லூரிக்குப் போனபோது வந்திருந்த பெண்களையெல்லாம் கேள்வி கேட்டு முடித்தாயிற்று. வெள்ளைக்காரத் தலைமை அம்மா, பெண்ணின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுக் கடைசியாகக் கூப்பிட்டாள். இடமும் கொடுத்தாள். ஆனால் கண்டிப்பாக ஒன்று சொன்னாள்: காலை எட்டரைக்குக் கதவு சாத்தப்படும், பிந்தி வருகிறவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

திரும்பி வரும்போது, கிள்ளான் பாலத்தைத் தாண்டியதும் சீதாலெட்சுமி மெதுவாகக் கேட்டாள். “பக்கிரி அண்ணே, தெனமும் இப்படி ஆனா?”

“ஆகாது பாப்பா” என்றான் அவன். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் முதலாளி முன்னால் போய் நின்றான். “நான் சொன்னது தப்பு மொதலாளி. கெழவி தாங்க மாட்டா. வேற எடுத்துடலாம்.”

“உனக்குப் புதுசு ஓட்ட வருமா?” என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை. பக்கிரிசாமிக்கு ஓட்ட வராத வண்டி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றினால்தானே.

வண்டி வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். பதினைந்து நாளும் சாயங்காலமானால் பக்கிரிசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனான். அங்கே தோட்டத்தில் லோரி ஓட்டுகிற அய்யாவு அவனுக்குக் கூட்டாளி, பத்து வயது இளையவன். லோரிக்கும் புதுக் காருக்கும் மிதி ஒரே வரிசை.

முதல் நாள் அய்யாவு விழுந்து விழுந்து சிரித்தான். “என்னாண்ணே, கிள்ளான்லயே பெரிய டிரைவரு, லோரிய தென்ன மரத்துல ஏத்தப் பாக்குறீங்க?”

“சிரிக்காதடா. தொட்டில் பழக்கம்டா இது.”

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்ணே. பாத்து, சீக்கிரமாப் போயிடப் போறீங்க.”

ஆனாலும் அவன் நல்லவன், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். நாலாம் நாள் கால் பழகிற்று. பத்தாம் நாள் பக்கிரிசாமி லோரியைக் காப்பார் சாலையில் நேராக ஓட்டி, சொன்ன இடத்தில் நிறுத்தினான். படுக்கும்போதும் பாயில் கிடந்தபடி காலை ஆட்டிப் பழகினான். நடு நில், வலது ஓடு. நடு நில், வலது ஓடு. சாமி பெயரைக்கூட அவன் வாழ்நாளில் அத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டான்.

கடைசி நாளில் அய்யாவு சிரிக்காமல் ஒன்று கேட்டான். “எல்லாம் சரிண்ணே. திடீர்னு ஒண்ணு குறுக்க வந்தா?”

“வந்தா நிறுத்துவேன்” என்றான் பக்கிரிசாமி. சொல்லும்போதே குனிந்து தன் வலது காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

புது வண்டி வந்தது. கறுப்பு நிறம், கண்ணாடி மாதிரி மினுங்கியது. மூன்று நாள் கிள்ளானுக்குள் ஓட்டினான். ஒரு குறையும் இல்லை. இராமலிங்கம் பின்னால் உட்கார்ந்து வழக்கம்போல் குறட்டை விட்டார். பக்கிரிசாமிக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வருகிற நேரம் பார்த்துத்தானே எல்லாம் வருகிறது!

கல்லூரி திறக்கும் நாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் புறப்பட்டுவிட வேண்டும். ஆறரைக்கே வண்டியை மகமாயி கோயில் வாசலில் நிறுத்தினார்கள். சந்தனம், குங்குமம், முன்னால் மல்லிகைச் சரம், நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். சீதாலெட்சுமி பின் இருக்கையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கைத்தறிச் சேலையில், ஏற்கனவே வாத்தியாரம்மா மாதிரி உட்கார்ந்திருந்தாள். காய்கறி வாங்கப் பாசாருக்கு வந்த கூட்டம் பாதி அங்கேதான் நின்றது. கிள்ளானில் ஒரு தமிழ்ப் பெண் காலேஜுக்குப் போகிறாளாம், பார்க்காமல் இருப்பார்களா?

பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். குருக்கள் கற்பூரம் காட்டி, “ம், எடுங்கோ” என்றார். பக்கிரிசாமி வண்டியை எடுத்தான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. வண்டி பூப்போல நகர்ந்தது.

அந்த நேரத்தில் எவனோ ஒரு அதிகப்பிரசங்கி சீன வெடிச்சரத்தைக் கொளுத்திப் போட்டான். பக்கத்தில் நின்ற வைக்கோல் வண்டி மாடு மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, காருக்குக் குறுக்கே வந்தது.

பதினைந்து நாள் பழக்கம் எங்கே போயிற்றோ தெரியாது. பதினைந்து வருஷப் பழக்கம் வந்து நின்றது. வலது கால் இறங்கியது. வண்டி நிற்கவில்லை, சீறியது. ஏன் நிற்கவில்லை என்று கால் இன்னும் ஓங்கி அழுத்தியது. வண்டி இன்னும் சீறியது. மாட்டை விட்டு ஒடித்துத் திருப்பினான். கார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் எதிர்ச் சுவரில் மோதி நின்றது.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, மகமாயி காப்பாற்றினாள். ஒரு விளக்கும் மட்கார்டும் போயிற்று. சீதாலெட்சுமிக்கு நெற்றி கிழிந்து புருவத்தில் ரத்தம் வழிந்தது. பவுனம்மாள் “ஐயோ என் பொண்ணு!” என்று ஓடி வந்தாள். கூட்டத்தில் ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார். “ஆத்தா வாசல்லயே மறிச்சிட்டாப்பா. பொம்பளப் புள்ள எல்ல தாண்டறது அவளுக்குப் புடிக்கல.”

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை வாய்க்கு வாய் தாவிப் பத்து நிமிஷத்தில் பாசார் முழுக்கப் பரவிவிட்டது. பக்கிரிசாமி கீழே இறங்கி, காலைத் தொட்டுக் காட்டி, “இல்லங்க, என் காலு, காலு மாறிடுச்சு” என்றான். யார் கேட்டார்கள்? “பாவம், பக்கிரி அதிர்ந்து போயிட்டான், தண்ணி குடுங்க” என்றார்கள். பதினைந்து வருஷம் தப்புச் செய்யாமல் இருந்ததற்கு அன்று கிடைத்த கூலி அது: தப்பை அவனே ஒத்துக்கொண்டாலும் நம்ப ஆள் இல்லை.

இராமலிங்கம் பெண்ணைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போனார். அன்று மத்தியானமே பவுனம்மாள் சிரம்பானுக்குக் கடிதம் எழுத ஆள் தேடினாள்.

செவ்வாய்க்கிழமை சமையல்கட்டுப் பின்வாசலில் சீதாலெட்சுமி அவனைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் துணிக்கட்டு.

“அண்ணே, நெசமாவே காலா?”

பக்கிரிசாமி எல்லாவற்றையும் சொன்னான். மூன்று மிதி, காப்பார், அய்யாவு, பதினைந்து நாள், எல்லாம். சொல்லி முடித்ததும், “என்ன நாலு அற அறைஞ்சிடு பாப்பா” என்று அழுதான். அவள் அடிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

“அப்போ சகுனம் இல்ல! அண்ணே, இத அப்படியே அப்பாகிட்ட சொல்லுங்க. நேத்தே தந்தி குடுத்துக் கேட்டேன், வெள்ளிக்கிழம வரைக்கும் எடம் வச்சிருப்போம்னு காலேஜுல பதில் தந்தி குடுத்திருக்காங்க. ஆத்தா வேணாம்னு சொல்லல, காலுதான் மாறிடுச்சுன்னு தெரிஞ்சா அப்பா அனுப்பிடுவாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க சொல்லுங்கண்ணே.”

புதன்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் பக்கிரிசாமி போய்ச் சொன்னான். இராமலிங்கம் முதலில் சிரித்தார். “பொண்ணு மேல உள்ள பாசத்துல பழிய உன் மேல போட்டுக்கிற. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“இல்ல மொதலாளி. காக்கா ஒக்காரப் பனம்பழம் விழுந்த கததான் சகுனமெல்லாம். வாங்க, காட்டுறேன்.”

அவரைக் கையைப் பிடிக்காத குறையாகப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே கெழவியும் புது வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒவ்வொரு மிதியாகத் தொட்டுக் காட்டினான். இதில் இது நிறுத்தும், அதில் இது ஓடும். காப்பாருக்குப் போனதைச் சொன்னான். கதவைப் பிடித்துக்கொண்டு முதலாளி குனிந்து பார்த்தார். தானே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தடவை மிதித்தும் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று.

“நெசமா?”

“உங்க உப்ப தின்னவன் மொதலாளி. சத்தியம்.”

இராமலிங்கம் இறங்கி வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை. கோபித்திருந்தால் பக்கிரிசாமி தாங்கியிருப்பான்.

“இன்னிக்குக் காலையில குருக்களப் போய்ப் பாத்தேன் பக்கிரி. சகுனம்லாம் இல்ல, கண்ணேறு, அது கழிஞ்சிடுச்சு, நாளைக்கு ஒரு அபிஷேகம் பண்ணிட்டு வெள்ளிக்கிழம பொண்ண அனுப்புங்கன்னாரு. அனுப்பறதாத்தான் இருந்தேன். பவுனுகிட்டகூட இன்னும் சொல்லல.”

பக்கிரிசாமி கெழவியின் மேல் சாய்ந்துகொண்டான்.

“சகுனத்துக்குப் பரிகாரம் இருக்குடா. ஓட்டத் தெரியாத வண்டியில என் பொண்ண ஏத்திக்கிட்டு, தெரியும்னு நடிச்சியே, அதுக்கு எங்க போய்ப் பரிகாரம் பண்றது?”

“என்ன வேலைய விட்டு நிறுத்திடுங்க மொதலாளி. அய்யாவு நல்ல பையன், குடும்பஸ்தன், அவன் ஓட்டட்டும். நான் பக்கத்துல ஒக்காந்து போறேன். சம்பளம் வேணாம். பாப்பா படிக்கட்டும்.”

“அய்யாவு யாரு எனக்கு?” என்றார் இராமலிங்கம். “நான் கண்ண மூடிக்கிட்டு நம்புன ஒரே ஆளு நீ. நீயே பதினஞ்சு நாளு மறைச்சிட்ட. இனிமே யார நம்பி அனுப்பறது? போதும்பா. புது வண்டியக் கெடைச்ச வெலைக்குத் திருப்பிக் குடுத்துடலாம். நீ எங்கயும் போகாத, பழசையே ஓட்டு. அவ அம்மா சொல்றபடி நடக்கட்டும்.”

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி நின்றான் பக்கிரிசாமி. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் இரண்டே நாள்! உண்மையை மறைத்துப் பாதியைக் கெடுத்தான், சொல்லி மீதியைக் கெடுத்தான்.

பின்வாசலைத் தாண்டித்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். சீதாலெட்சுமி படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“சொல்லிட்டீங்களாண்ணே?”

“சொல்லிட்டேன் பாப்பா.”

“நம்புனாரா?”

பக்கிரிசாமி தலையை ஆட்டினான். “நம்பிட்டாரும்மா.”

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, வெள்ளிக்கிழமைக்குச் சேலையைத் துவைத்துப் போட வேண்டும் என்று உள்ளே ஓடினாள். அவளைக் கூப்பிட்டு நிறுத்தாமல் பக்கிரிசாமி வாசலைத் தாண்டி நடந்தான்.